அம்மீட்டரும் பாட்டரியும் இடம் மாறிய நாள்

கோரமண்டல் ஸ்டேஷனில், பிளாட்பார விளக்குகள் இன்னும் அணையாத ஒரு காலைப் பொழுதில், மடியில் ஐந்து அம்மீட்டர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியில் சுற்றி, துணிக்கடைப் பையில் அடுக்கியிருந்தேன். பார்க்கிறவர்களுக்கு நான் யார் வீட்டுக்கோ சீர் கொண்டுபோவதாகத் தோன்றியிருக்கும்.

பக்கத்தில் என் மனைவி கலா நின்றுகொண்டிருந்தாள். தினமும் இந்த ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள் அவள். ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, சாயந்திரம் வந்து கூட்டிப் போகிறவன் நான். அன்றைக்கு மட்டும் எல்லாம் தலைகீழ்.

"கதவாண்ட நிக்காதீங்க. பங்காரப்பேட்டை வரைக்கும் சீட் கிடைக்காது. அதுக்காக யாராண்டயும் சண்டைக்குப் போவாதீங்க. டிபன் டப்பா பையில கீது. மீட்டர் மேல வெக்காதீங்க, சாம்பார் ஒழுகும்."

"நான் இன்னா ஸ்கூல் டூருக்கா போறேன்?"

"ஸ்கூல் புள்ளைங்கன்னா சொன்னத கேக்கும்."

ரயில் வந்தது. முண்டியடித்து ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஸ்வெட்டருக்கு மேல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வண்டிக்குள்ளிருந்து, பிளாட்பாரத்தில் நிற்கும் அவளைப் பார்ப்பது அதுதான் எனக்கு முதல் தடவை. அவள் அவ்வளவு சின்ன உருவம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பலகை திரும்பாத கதை

போன வாரம் இந்தப் பத்தியில் என் ஸ்கூட்டர் ஓட்டும் அழகைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஆண்டர்சன்பேட்டை வாசகர் ஒருவர், "லேப் வேலையையாவது ஒழுங்காகப் பார்த்தீரா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி ரயிலில் ஏறிக்கொள்கிறேன்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் லேப் இன்ஸ்ட்ரக்டர். எங்கள் லேபில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ரெசிப்ராசிட்டி தேற்றம். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் குழந்தைத்தனமானது.

ஒரு பலகையில் நாலைந்து ரெசிஸ்டர்களைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்திருப்பார்கள். ஒரு கிளையில் பாட்டரியை வைத்து, தூரத்தில் இருக்கிற இன்னொரு கிளையில் கரண்டை அளக்கிற அம்மீட்டரை வைத்தால், முள் ஓரிடத்தில் போய் நிற்கும். இப்போது இரண்டையும் இடம் மாற்றுங்கள். பாட்டரி இருந்த கிளையில் அம்மீட்டர், அம்மீட்டர் இருந்த கிளையில் பாட்டரி. நடுவில் எவ்வளவு சிக்கல் இருந்தாலும் சரி, முள் மறுபடி அதே இடத்தில்தான் நிற்கும். இங்கிருந்து அங்கே எவ்வளவு போய்ச் சேருகிறதோ, அங்கிருந்து இங்கேயும் அவ்வளவேதான்.

இது ஏன் மாணவர்களுக்குப் பிடிக்கிறது? பாதி வேலைதான். முதல் அளவை எடுத்துவிட்டு, இரண்டாவது கட்டத்திலும் அதையே எழுதிவிடலாம். ஒன்றாகத்தான் வரப்போகிறது, எதற்காக ஒயரைக் கழற்றி மாட்டவேண்டும்? தலைமுறை தலைமுறையாக எல்லாப் பெஞ்சிலும் நடக்கிற சங்கதி இது.

நானும் மாணவனாக இருந்தபோது அதைத்தான் செய்தேன். பிராக்டிகல் பரீட்சை அன்று வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் என் நோட்டைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"சப்ளை ஒயர் ஒரு முழம்தான் இருக்கிறது. அந்த முனை இரண்டு முழம் தள்ளி. எப்படியப்பா கொண்டுபோய் மாட்டினாய்?"

"பலகையைத் திருப்பி வெச்சேன் சார்."

அவர் பலகையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். நாலு மூலையிலும் மேஜையோடு திருகாணி அடித்திருந்தது.

அந்தப் பரீட்சையை நான் மறுபடி எழுதினேன். அப்படிப்பட்டவனைத்தான் பிற்காலத்தில் அதே வகை மேஜைக்குக் காவல் போட்டார்கள். இப்போது என் மாணவர்களில் எவன் மாற்றிப் பார்க்காமல் எழுதினாலும் நோட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும்.

மேலே நிற்கிறவர்கள்

எங்கள் ஊரில் போகிறவர் யார், நிற்கிறவர் யார் என்பதில் தங்கச் சுரங்கம் இருந்த காலத்தில் குழப்பமே கிடையாது. ஆண்கள் கேஜ் எனும் இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போவார்கள். பெண்கள் மேலே நிற்பார்கள். என் அப்பா ஷிப்ட் முடிந்து வருகிறவரை என் அம்மா வாசல் பக்கம் முகம் காட்டியே காய் நறுக்குவாள். ஒரு நாள்கூட சுவர்ப் பக்கம் திரும்பி நறுக்கியதில்லை.

இப்போது சுரங்கமில்லை. ரயில் இருக்கிறது. அதில் பெண்களும் போகிறார்கள். எங்கள் வம்சத்தில் மேலே நின்ற முதல் ஆண் நான்தான்.

சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இது லேசாகப் போகிற விஷயமா? சாயந்திரம் ஸ்கூட்டரை எடுத்தாலே போதும். "இன்னா சார், அம்மாவுக்கு ஷிப்ட் முடியிற நேரமா?" என்று நாலு வீட்டுத் திண்ணையிலிருந்து கேலி வரும். "ஆமாம்பா, போய் கேஜ இழுக்கணும்" என்பேன். கேலி செய்கிறவனைவிட நாம் ஒரு படி அதிகமாக நம்மைக் கேலி செய்துவிட்டால் அவன் வாய் அடைத்துவிடும். நான் கற்ற ஒரே வித்தை இது. எல்லா இடத்திலும் அதையே பிரயோகித்தேன். வீட்டிலும்.

இரண்டு தலையணை

கலா பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அந்த வருடம் மழைக்காலத்திலிருந்து அவள் கால்கள் வீங்கத் தொடங்கின. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், செருப்பு வார் போட்ட கோடு மறுநாள் காலைவரை காலில் இருக்கும்.

அவளுடன் ரயிலில் வருகிற எஸ்தர் அக்கா ஒரு யோசனை சொன்னாராம். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே பெண்கள் தங்கும் விடுதியில், ஒரு பி.ஜி.யில், இரண்டு கட்டில் போட்ட அறை காலியாகிறது. திங்கள் போனால் வெள்ளி சாயந்திரம் திரும்பலாம். ஒரு கட்டில் எஸ்தர் அக்காவுக்கு. இன்னொன்றை இரண்டு வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமைவரை யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிறார்.

கலா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எங்களுக்கு ஒரே மகன், அவன் ஓசூரில் வேலையாக இருக்கிறான். அவளும் போனால் அந்த வீட்டில் நானும் பல்லியும்தான்.

ஆனால் நான் சொன்னது இது: "தாராளமா போ. எனக்கு ரெண்டு தலகாணி கிடைக்கும்."

அவள் சிரித்தாள். சிரித்தாளா, போகத்தான் ஆசைப்படுகிறாள் என்று நான் எழுதிக்கொண்டேன். அவரே ஜோக் அடிக்கிறார், அப்படியானால் அவருக்கு ஒன்றுமில்லை என்று அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். எவரும் ஒயரைக் கழற்றவில்லை.

பத்து நாள் அந்தப் பேச்சையே இருவரும் எடுக்கவில்லை. கெடு முடிகிற வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது, லேபில் எட்டுப் பேர் ஒரே மாதிரி பொய்க் கணக்கு எழுதி என்னிடம் மாட்டியதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கலா ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க மட்டும் மாத்திப் பாத்தீங்களா?"

"எதை?"

"எதையாவது."

அவளே சொன்னாள்: "மீட்டர்ங்கள செக் பண்றதுக்கு பெங்களூர் எடுத்துக்கினு போவணும்னு சொன்னீங்கள்ல. எனக்கு வியாழக்கிழமை லீவு கீது. என் ரயில்ல போங்க, என் ரயில்ல வாங்க. உங்க எடத்துல நான் நிக்கிறேன். அப்பால பேசுவோம்."

"ஸ்கூட்டர் நீ ஓட்டுவியா?"

"நீங்க ஓட்டுறதவிட நல்லாதான் ஓட்டுவேன்."

எஸ்தர் அக்காவின் கம்பார்ட்மென்ட்

ஆக, ரயிலில் நான். ஒரு கால் தரையில், இன்னொரு கால் யாருடைய பையின் மேலோ. தலைக்கு மேலே கம்பி, அதில் எட்டுக் கைகள். அவற்றில் ஒன்று என்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மீட்டர் பையை மார்போடு அணைத்திருந்தேன். ஒரு அம்மா இரக்கப்பட்டு, "குழந்தைய இப்பிடி குடுங்க" என்று கை நீட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஐய, நீங்கதான் மீட்டர் சாரா?"

ஜன்னலோரத்தில் இருந்து குரல் வந்தது. வெள்ளை முடி, கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் பின்னல் வேலை. எஸ்தர் அக்கா. அதற்குள் நாலு இருக்கைகளில் இருந்து முகங்கள் திரும்பின.

"எக்ஸாம்ல பலகைய திருப்பினவரா?" என்றாள் ஒரு பெண்.

"சொந்த ஸ்கூட்டர தேடி போலீஸ் ஸ்டேஷன் போனாரே, அவரு!" என்றாள் இன்னொருத்தி.

என் ஜோக்குகள் எல்லாம் தினமும் என்னைவிட முன்னதாக எழுந்து ரயில் ஏறிக்கொண்டிருந்திருக்கின்றன. நான் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்வதை, காலையில் கலா இங்கே சொல்வாளாம். ஒயிட்ஃபீல்ட் வருகிறவரை ஓடுமாம்.

அந்தக் கம்பார்ட்மென்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாரிகுப்பத்தில் ஏறி உட்கார்ந்து வருகிறவர்கள் பங்காரப்பேட்டை வந்ததும் எழுந்து, அதுவரை நின்றவர்களுக்கு இடம் விடுவார்கள். பாதி வழி உனக்கு, பாதி வழி எனக்கு. இது கலா சொல்லித் தெரியும். "பாதி வழிதான் நிக்கிறேன், பரவால்ல" என்பாள். பங்காரப்பேட்டையில் எஸ்தர் அக்கா எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"கலா தினம் இங்கதான் உக்காருவாளாக்கா?"

"எங்க உக்கார்றா? அவ சீட்டுல அவ உக்காந்து நாங்க பாத்ததே இல்ல. புள்ளத்தாச்சி, வயசானவங்க, தலவலின்னு நிக்கிறவங்க, யாருக்காவது குடுத்துடுவா. கேட்டா, 'ஊட்டுக்குப் போனா எனக்கு ஒருத்தரு எல்லாம் செய்யிறாரு, நான் நிக்கிறேன் உடு'ன்னுவா."

நான் சடாரென்று எழுந்தேன். அம்மீட்டர்கள் ஒன்றோடொன்று மோதின. "நீங்க உக்காருங்கக்கா."

"சொம்மா உக்காருங்க சார். ஒண்ணு சொல்லவா? தப்பா எடுத்துக்கக் கூடாது." பின்னல் ஊசியை நூலில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ரெண்டு தலகாணி ஜோக்கையும் சொன்னா. நாங்க எல்லாம் உழுந்து உழுந்து சிரிச்சோம். அவ மட்டும் சிரிக்கல. வெளிய பாத்துக்கினு வந்தா."

ரெசிப்ராசிட்டி தேற்றத்துக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அதில் ஒன்று, சர்க்யூட்டில் டையோடு இருக்கக்கூடாது. டையோடு என்பது ஒரு பக்கமாக மட்டும் கரண்டை விடுகிற உருப்படி. அது இருந்தால் நீங்கள் எத்தனை தடவை மாற்றினாலும் இரண்டு அளவும் ஒன்றாக வராது. எங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று இருபத்தைந்து வருடம் தேடாமல் இருந்தேன். அன்றைக்கு அது என் உருவில், மடியில் அம்மீட்டர் பையோடு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தது. சிரிப்பை மட்டும் வெளியே விடும். வேறெதையும் விடாது.

அதற்குப் பிறகு கிருஷ்ணராஜபுரம்வரை நின்றேன். முழு வழியும் நின்றுவிட வேண்டும் என்று ஒரு வீராப்பு. முழங்கால் முதலில் கெஞ்சியது, பிறகு திட்டியது.

சிக்னல் இல்லாத ரயில்

மீட்டர்களைச் சோதிக்கக் கொடுத்து, வாங்கி, திரும்பவும் அவளுடைய சாயந்திர ரயிலையே பிடித்தேன். அந்த அறையைப் பார்க்கவேண்டும் என்று எஸ்தர் அக்கா பெங்களூரிலேயே தங்கிவிட்டார். காலையிலிருந்து பாட்டுக் கேட்டுக் கேட்டு என் போன் ஒயிட்ஃபீல்ட் தாண்டுவதற்குள் உயிரை விட்டது.

பங்காரப்பேட்டைக்கு வெளியே ரயிலை நிறுத்திப் போட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பெண் உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தாள். அவ்வளவு பழக்கம்.

கோரமண்டலில் இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. அன்று, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தின் ஒரு தூணை ஒட்டிக் கலா நின்றிருந்தாள். தலைமுடியெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பையைப் பிடுங்கினாள்.

"போன் இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறீங்க? எத்தினி வாட்டி அடிக்கிறது?"

"சார்ஜ் போச்சி. கூட்டத்துல எப்பிடி எடுக்கிறது? அதான் வந்துட்டேன்ல."

சொல்லி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, அது என் வசனம் இல்லை. தினமும் அவள் என்னிடம் சொல்வது. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"வெளிய டீக்கடைக்காரரு சொன்னாரு," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "சார் எப்பவும் இந்தத் தூணாண்டதான் நிப்பாராம். ரயில் லேட்டானா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பாராம். டீ வாங்கிக் குடிக்காம கையிலயே வெச்சிருப்பாராம். அப்போ மட்டும் ஜோக்கே அடிக்கமாட்டாராம்."

"அவருக்கு இன்னா தெரியும்?"

"நான் இன்னிக்கு அத்தினியும் செஞ்சேன்," என்றாள் கலா. "டீயக்கூட குடிக்கல."

சுவர் தாண்டிய சண்டை

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். சண்டை ஆரம்பித்தது. இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். இப்படி ஒன்று போட்டதில்லை.

"நீ அந்த பி.ஜி.க்குப் போயே ஆவணும்," என்றேன் நான். "முழு வழியும் நிக்கிறியாமே. பாதி வழின்னு எங்கிட்ட சொல்ற. ஒரு நாளைக்கே என் கால் என் பேச்ச கேக்கல."

"நான் போவல. இங்க ஒருத்தரு டீயும் கையுமா அலையறாரு. நாலு நாள் அலைய உடச் சொல்றீங்களா?"

"நாலு நாள் உன் ரயிலே வராது. அப்புறம் இன்னாத்துக்கு அலையறேன்?"

"அப்போ ஊட்டுக்குள்ள அலைவீங்க."

"கால பாரு, கால! தேங்கா மாதிரி வீங்கிக் கீது."

"என் காலு. நான் பாத்துக்கிறேன்."

முந்தின நாள்வரை அவள் போக நினைக்கிறாள் என்று நானும், நான் அனுப்பத் துடிக்கிறேன் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தோம். இப்போது அவள் என் பக்கம் நின்று எனக்காக வாதாடினாள். நான் அவள் பக்கம் நின்று அவளுக்காக வாதாடினேன். இரண்டு பக்கமும் குரல் ஒரே உயரம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, "சார், யாரு போறது? யாரு இருக்கிறது? தெளிவா சொல்லிட்டு சண்ட போடுங்க, எங்களுக்குப் புரியல!" என்றார்.

கலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"ஒரே ஒரு கேள்வி. ஜோக் அடிக்காம சொல்லணும். ஒரு வாட்டிதான் கேப்பேன். நான் நாலு நாள் இங்க இல்லன்னா உங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

பொய் சொல்லமாட்டேன். அந்த நிமிஷத்தில் என் நாக்கில் மூன்று ஜோக்குகள் வந்து வரிசையில் நின்றன. மூன்றும் நல்ல ஜோக்குகள். ஒன்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது, எழுதமாட்டேன்.

"பயமா இருக்கும்," என்றேன்.

"இன்னா பயம்?"

"தெரியல. சாயந்திரம் ஆனா இன்னா செய்யிறதுன்னு பயம். நீ அங்க உடம்புக்கு முடியாம படுத்தா எனக்குத் தெரியாதேன்னு பயம். பழகிப் போயிடுமோன்னு ஒரு பயம். அதான் ரொம்ப பெருசு."

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து என் பக்கம் வைத்தாள்.

"இவ்ளோ பயம் வெச்சிக்கினு போன்னு சொல்றீங்களே?"

"காலு வீங்கிக் கீதே," என்றேன். "போ. வெள்ளிக்கிழமை வா. நடுவுல புதன்கிழமை நான் வர்றேன். முழு வழியும் நின்னுக்கினே வர்றேன்."

"உக்காந்துக்கினு வாங்க. நீங்க நின்னு காட்டி யாருக்கு இன்னா ஆவப்போவுது?"

எழுந்து கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். கையோடு முகத்தையும் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து, சன்னல் பக்கம் நகர்ந்து எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டாள். நான் சாப்பிடுகிற பாவனையில் காலித் தட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான்தான். அந்தக் கட்டில வேற யாருக்கும் குடுத்துடாத. திங்கக்கிழமையில இருந்து வர்றேன்."

மறுமுனையில் எஸ்தர் அக்கா ஏதோ கேட்டார். கலா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அவரா? அவருக்கு சுத்தமா இஷ்டம் இல்லக்கா. அதான் தைரியமா வர்றேன்."